அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய ஆறு வாரம்

கிள்ளான் ஸ்ரீ அண்டலாஸில் போய் அமுதவள்ளி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கிளினிக் புஷ்பாவின் மகள், அந்த யூனிவர்சிட்டி முடித்த பெண் என்று கேளுங்கள், மூன்று தெருவுக்கு இந்தப் பக்கமே கை காட்டிவிடுவார்கள். தெரியாமல் என்ன செய்யும்? அங்கியும் தொப்பியுமாக மகள் பட்டம் வாங்கிய படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டி வைத்திருக்கிறாள் புஷ்பவல்லி. சமையல் கேஸ் கொண்டுவந்து போடுகிற ஆள்கூட அதைப் பார்த்து இரண்டு வார்த்தை பாராட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

படத்தில் சிரிக்கிற அந்தப் பெண்ணுக்கு ஒன்பது மாதம் வேலை கிடைக்கவில்லை. படித்தது மனிதவள நிர்வாகம். ஊருக்கெல்லாம் ஆள் எடுக்கிற படிப்பைப் படித்துவிட்டுத் தனக்கு வேலை தேடி அலைவது இருக்கிறதே, அந்தச் சங்கடம் எதிரிக்கும் வேண்டாம். எழுபது இடத்துக்கு மேல் மனுப் போட்டாள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் அனுபவம் கேட்டார்கள். அனுபவத்தை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

புஷ்பவல்லி அதற்குள் அம்மனிடம் பேசி முடித்துவிட்டாள். மகளுக்கு வேலை கிடைத்தால் ஆடித் திருவிழாவில் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். ஜூன் மாதம் பங்சார் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆடியில், ஐம்பத்து மூன்று வயதில், முட்டி வலியோடு, வெறுங்காலில், சுடுகிற தார் ரோட்டில் பால்குடத்தைத் தலையில் வைத்து நடந்தாள் அந்தத் தாய். உள்ளங்காலில் கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் கிளினிக்குக்கு மருந்து வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கொப்புளத்தின் காரணத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் முதல் வாரம், புதன்கிழமை. தகுதிகாண் காலம் மூன்று மாதம் முடிந்த மறுநாள் காலை அமுதவள்ளியை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். நல்ல பெண்தானாம். ஆனால் வேலையை உறுதிப்படுத்த முடியாதாம். கம்பெனியே ஆட்களைக் குறைக்கிறதாம். கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு வழியனுப்பி வைக்கப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டுக்குப் போயிருக்கலாம். கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனில் கிள்ளான் ரயில் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் அம்மாவின் உள்ளங்கால் நினைவுக்கு வந்தது, கால் ரயிலில் ஏறவில்லை. திரும்பி பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நடந்தாள். பூஜைச் சாமான் விற்கிற ஒரு கடையில், சூடப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுகளும் அடுக்கியிருந்தார்கள். அதில் கெட்டி அட்டை போட்ட ஒன்றை எடுத்தாள். எதற்கு எடுத்தாள் என்று அவளைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, பால் விடாத குளிர்ந்த தேநீர், தே ஓ ஐஸ் ஒன்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தாள்.

இந்தப் பெண் பதினோரு வயதிலிருந்து யூனிவர்சிட்டிக்கு முந்தின ஆறாம் படிவம் முடிக்கிற வரைக்கும் நாள் தவறாமல் டைரி எழுதினவள். தமிழ்ப்பள்ளியில் அவளைக் கட்டுரைப் போட்டிக்கென்றே வளர்த்தார்கள். நம் பள்ளிகளில் தன்கதை என்று ஒன்று எழுதச் சொல்வார்கள், தெரியும்தானே? நான் ஒரு குடை. நான் ஒரு மிதிவண்டி. தொழிற்சாலையில் பிறந்தேன், கடையில் தொங்கினேன், ஒரு சிறுவன் வாங்கினான், இன்று குப்பையில் கிடக்கிறேன். அமுதவள்ளி குடையாகவும் மிதிவண்டியாகவும் காலணியாகவும் பிறந்து, வாழ்ந்து, குப்பைக்குப் போய், மாவட்ட அளவில் இரண்டு கோப்பை வாங்கியிருக்கிறாள். அதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு வீட்டில் தனியாக எழுதியதுதான் அவள் சொந்தக் கதை. யாரோடு சண்டை, எந்த டீச்சர் பாரபட்சம் காட்டினார், அப்பா கொடுத்த வாக்கை எப்படி மறந்தார். யூனிவர்சிட்டிக்குப் போனதும் அது நின்றது. அங்கே எழுதியதெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும். அறிக்கை, ஆய்வு, குழு வேலை. நான்கு வருடத்தில் தனக்கென்று ஒரு வரி எழுதவில்லை.

கடையில் உட்கார்ந்ததும் முதலில் வந்தது பழைய போட்டிக் கட்டுரைதான். கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிய இனிய காலைப் பொழுதில் என்று கை தானாக ஓடியது. சீ என்று அதை அடித்தாள். அடுத்த வரியில், 'இன்று எனக்கு வேலை போய்விட்டது' என்று எழுதினாள். அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். 'அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்' என்று எழுதினாள். அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. மேலதிகாரி அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலையே பார்த்துக்கொண்டு பேசியது, அட்டையைக் கழற்றும்போது முடி சிக்கி வலித்தது, வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டது, எல்லாம் வந்தது. நாலரைப் பக்கம். நடுவில் அழுகை வந்தது, அழுதாள். வேலை போன நாளில் ஒருத்திக்குச் சந்தோஷமும் வருமா என்றால், வந்தது. காணாமல் போன ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டது.

சாயந்தரம் வழக்கம்போல ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனாள். குளித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதலாம் என்று சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்தாள். அம்மா அடுப்பருகில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அப்பா கன்னையா லோரி ஓட்டுகிறவர்; ஒன்பது மணிக்கு முன்னால் வீடு திரும்பினால் அதிசயம்.

"என்ன எழுதுற? ஆபீஸ் வேலையா?" என்று கேட்டாள் புஷ்பவல்லி.

"இல்லம்மா, சும்மா டைரி."

"டைரியா? எத்தன வருஷமாச்சு நீ எழுதி. எங்க, வாசி கேப்போம்."

இந்த வீட்டில் இது பழைய வழக்கம். புஷ்பவல்லி கிள்ளான் டவுனில் மலாய்ப் பள்ளியில் படித்தவள். மலாய், ஆங்கிலம் இரண்டும் நன்றாகப் படிப்பாள். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவளுக்கு இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்? யூனிவர்சிட்டி மனு முதல் வீட்டுக் கடன் விண்ணப்பம் வரை எல்லாம் அவள் கைதான். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த கன்னையாதான் பிடிவாதமாக மகளைத் தமிழ்ப்பள்ளியில் போட்டார். ஆகவே கட்டுரை நோட்டில் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றால், மகள் வாசிப்பாள், அம்மா கேட்பாள், பிறகு கையெழுத்துப் போடுவாள். கோயிலில் தேவாரப் புத்தகம் கொடுத்தால் வாங்கிப் பிரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் பாடுகிறவர்களைப் பார்த்து வாயசைப்பாள். அது எப்போதுமே அவளுக்கு ஒரு முள்.

அமுதவள்ளி நோட்டைப் பார்த்தாள். இன்று எனக்கு வேலை போய்விட்டது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அம்மா கரண்டியோடு திரும்பி நின்று முகமெல்லாம் ஆசையாகக் காத்திருந்தாள். மகள் வாயைத் திறந்தாள்.

"'இன்று அலுவலகத்தில் என் வேலையை உறுதிப்படுத்தினார்கள். மேலதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார்.'"

பொய் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் வாய் நிற்கவில்லையே! குடையாகவும் காலணியாகவும் பேசிப் பழகிய வாயாயிற்றே. பத்து நிமிடம் கண்ணை நோட்டில் வைத்துக்கொண்டு, அங்கே இல்லாததையெல்லாம் வாசித்தாள். புஷ்பவல்லி அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு எந்த நெஞ்சை வைத்து உண்மையைச் சொல்வது?

மறுநாள் காலை அதே ஆறே முக்கால் ரயில். அதே கடை, அதே மின்விசிறி. மனுப் போடுவாள், கூப்பிட்ட இடத்துக்குப் போய் வருவாள், மீதி நேரம் எழுதுவாள். சாயந்தரம் வந்தால் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு உள்ளத வாசி" என்பாள். சம்பளம் எங்கே என்று மகளிடம் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லாததால் பொய்க்கு ஒரு தடையும் வரவில்லை. ஒரே நாள், இரண்டு கதை. நோட்டில் இருப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று.

மூன்றாம் நாள் மிஸஸ் லிம் பிறந்தார். ஆபீஸில் யாராவது இருக்க வேண்டுமே என்று அமுதவள்ளி அவசரத்துக்கு உண்டாக்கிய மேலதிகாரி. கண்டிப்பானவர், ஆனால் மனசு தங்கம். வயதான தாயைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். அந்தத் தாய்க்கும் முட்டி வலி. புஷ்பவல்லி மிஸஸ் லிம்மைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தாள். இன்றைக்கு மிஸஸ் லிம் வந்தாரா, என்ன சாப்பிட்டார், அவர் அம்மா எப்படி இருக்கிறார். கேட்டதோடு விட்டாளா? தான் பூசுகிற தைலத்தில் ஒரு புட்டி வாங்கி, "அந்தப் பாட்டிக்குக் குடு. ராத்திரி சூடு காட்டித் தேய்க்கணும்னு சொல்லு" என்று மகளின் பையில் வைத்தாள். அந்தப் புட்டியைத் தினமும் பிரிக்ஃபீல்ட்ஸுக்குச் சுமந்துகொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தாள் அமுதவள்ளி. எறியவும் மனசு வரவில்லை.

நோட்டில் எழுதியது மட்டும் நாளுக்கு நாள் நன்றாக வந்தது. அதில் அவள் தன்னை விட்டு வைக்கவில்லை. பாவி, கோழை, அம்மாவை ஏமாற்றுகிறவள் என்று தன்னையே கிழித்தாள். ஆனால் எழுதிக் கிழிப்பது சுலபம், வாய் திறப்பதுதான் கஷ்டம். நாளை சொல்லிவிடுவேன் என்ற வரி அந்த நோட்டில் இருபது இடத்திலாவது இருக்கும்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானம், கிளினிக்கில் அம்மாவோடு வேலை செய்கிற குமுதா வந்தாள். அவளுடைய மகள் விஷ்ணுப்ரியாவும் பட்டதாரி, அவளும் வேலை தேடுகிறாள். குமுதாவும் மலாய்ப் பள்ளிதான். புஷ்பவல்லிக்குப் பெருமை தாங்கவில்லை.

"அமுதா, அந்த புக்க எடுத்துட்டு வா. ஆன்டிக்கு நேத்து உள்ளத வாசிச்சுக் காட்டு. மிஸஸ் லிம் எப்படிப்பட்ட பொம்பளன்னு தெரியட்டும்."

"வேணாம்மா, ஆன்டிக்கு வேல இருக்கும்."

"எனக்கு ஒரு வேலையும் இல்ல லா, நீ வாசி," என்றாள் குமுதா. சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இது ப்ரியாவோட ரெஸ்யூமே மா. மிஸஸ் லிம் கையிலேயே குடுத்துடு. செலாயாங்ல ஒரு எடத்துல அவள எடுத்துக்கிறோம்னு சொல்லியிருக்காங்க, திங்கக்கெழம பதில் சொல்லணும். ஒங்க கம்பெனி கெடைக்கும்னா அத வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கா."

இதுவரை பொய் அமுதவள்ளியின் வீட்டுக்குள் இருந்தது. இப்போது செருப்பைப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டது. என்ன சொல்வது என்று தெரியாமல், பழகிய பாவத்துக்கு, நோட்டைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

"'இன்று காலை மிஸஸ் லிம் எல்லோருக்கும் தீபாவளிப் பலகாரம்...'"

அன்று சனிக்கிழமை, லோரிக்கு அரை நாள்தான் என்பதை அவள் மறந்தே போனாள். கன்னையா பின்வாசல் வழியாக வந்து, கை கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டே மகளின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மகளுடைய எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ஆசைதான். நோட்டில் இப்படி இருந்தது: 'முப்பத்தெட்டாம் நாள். இன்றும் சொல்லவில்லை. வேலை இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நாளை குமுதா ஆன்டி வேறு வருகிறாராம்.'

கழுத்தருகில் மூச்சு நின்றுபோனதை உணர்ந்து அமுதவள்ளி நிமிர்ந்தாள். அப்பாவின் கண் நோட்டில் இருந்தது. பலகாரம் என்ற இடத்திலேயே வாசிப்பு நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் புஷ்பவல்லி.

கன்னையா நோட்டை எடுத்துக்கொண்டார். "தொண்ட கட்டியிருக்கு புள்ளைக்கு. நான் வாசிக்கிறேன்." ஆயுளில் பத்து வார்த்தை சேர்த்துப் பேசியறியாத மனிதர். நோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு இருமினார். "'இன்று... நல்ல மழை. கண்டெய்னர் வர லேட்டாயிருச்சு. மிஸஸ் லிம் வந்து டயரெல்லாம் பாத்தாங்க. காத்து சரியா இருக்குன்னு சொன்னாங்க.'"

"ஆபீஸ்ல டயரா அண்ணே?" என்று குமுதா கேட்டாள்.

"கம்பெனி காரு," என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினார். "அவ்வளவுதான் எழுதியிருக்கு."

குமுதா டீ குடித்துவிட்டு, ஃபைலை மறந்துவிடாதே, திங்கட்கிழமை ப்ரியா பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். புஷ்பவல்லி முறுக்குச் சுட அடுப்படிக்குப் போனாள். கன்னையா வெளியே போய் நின்றார். அமுதவள்ளி பின்னாலேயே போனாள்.

"அப்பா, கோவமா?"

"கோவந்தான்." அவர் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் ஒங்கம்மாகிட்ட சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். இன்னைக்கே சொல்லு. அந்தப் புள்ள திங்கக்கெழம பதில் சொல்லணும்."

அடுப்படியில் முதல் முறுக்கு எண்ணெயில் விழுந்த சத்தம் கேட்டது. அமுதவள்ளி நோட்டோடு போய் நின்றாள்.

"அம்மா, நேத்து எழுதுனத இன்னொரு தடவ வாசிக்கிறேன். இதுல இருக்கிறபடியே வாசிக்கிறேன்."

வாசித்தாள். முப்பத்தெட்டாம் நாளை வாசித்துவிட்டு, பக்கங்களைத் திருப்பி முதல் நாளையும் வாசித்தாள். இன்று எனக்கு வேலை போய்விட்டது. புஷ்பவல்லி முறுக்குப் பிழிகிற உழக்கைப் பிடித்தபடியே நின்றாள். எண்ணெயில் கிடந்தது கருகிப் புகைந்தது. அமுதவள்ளி எட்டி அடுப்பை அணைத்தாள்.

வேலையைப் பற்றி அம்மா கேட்கவில்லை.

"அப்போ மிஸஸ் லிம்?"

"அப்படி யாரும் இல்லம்மா."

"அவங்க அம்மா? முட்டி வலின்னு சொன்னியே."

"இல்லம்மா."

"நான் குடுத்த தைலம்?"

"என் பையிலதான் இருக்கு."

புஷ்பவல்லி உழக்கைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். மாவு போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள். "வேல போனா போவுது," என்றாள். "யாருக்குத்தான் போவல? வந்து சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஒக்காந்து அழுதுட்டு எந்திரிச்சிருப்போம். ஆனா நீ என் முன்னாடி, இந்த மேசையில, புக்க விரிச்சு வச்சுக்கிட்டு... மூடக்கூட இல்லியே அமுதா. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதானே?"

"அப்படி நெனைக்கலம்மா."

"அப்பா வீட்டுல இருந்தா வாசிச்சிருப்பியா?"

அமுதவள்ளி நோட்டை மூடினாள். ஆறு வாரமாகத் தன்னைத் தானே எத்தனையோ திட்டி எழுதியவள், இந்த ஒன்றை எழுதவே இல்லை. அவளுக்கு அது தோன்றவே இல்லை. அம்மாவிடம் பொய் சொன்னது ஒரு குற்றம். எந்த இடத்தில் அவளுக்கு முள் இருக்கிறது என்று தெரிந்து, அந்த இடத்திலேயே மணை போட்டு உட்கார்ந்துகொண்டது வேறு குற்றம்.

மறுநாள் காலை குமுதா வீட்டுக்குத் தனியாகப் போய் ஃபைலைத் திருப்பிக் கொடுத்து, நடந்ததைச் சொன்னாள். குமுதா ஒன்றும் திட்டவில்லை. ஃபைலை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "ஏம்மா இப்படி?" என்று மட்டும் கேட்டாள். விஷ்ணுப்ரியா திங்கட்கிழமை செலாயாங்குக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். புஷ்பவல்லி கிளினிக்கில் குமுதாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அது எப்படி இருந்தது என்று வீட்டில் சொல்லவில்லை.

தீபாவளி வந்தது, போனது. வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு மகளுக்கு எங்கே வேலை என்று கேட்டார்கள். அமுதவள்ளி வாயைத் திறக்குமுன் புஷ்பவல்லியே முந்திக்கொண்டு, "வேல போயிருச்சு, தேடிக்கிட்டு இருக்கா," என்று எல்லோருக்கும் சொன்னாள். ஒருவரிடம்கூடப் பூசி மெழுகவில்லை. மகளிடமும் பேசாமல் இல்லை. சாப்பிட்டியா, கதவைப் பூட்டு, துணி காய்ந்ததா என்று அளவாகப் பேசினாள். இன்றைக்கு உள்ளதை வாசி என்று மட்டும் கேட்கவில்லை.

கதவைத் தட்டித் தட்டி, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் ஆறு மாதத் தற்காலிக வேலை ஒன்று கிடைத்தது. வந்த சாமானைப் பதிந்து வைக்கிற வேலை. பட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அப்பாவின் லோரி அந்தப் பக்கம் போகிற நாளில் அதிலேயே ஏறிப் போவாள். அங்கே எழுதுவதற்கு ஆயிரம் இருந்தது, ஆனால் வீட்டில் நோட்டை எடுத்தால் கை ஓடவில்லை. திறந்து வைத்தால் அம்மாவைச் சீண்டுகிற மாதிரி, மூடி வைத்தால் ஒளிக்கிற மாதிரி. ஒரு வாரம் அதைத் தொடாமலே இருந்தாள். இன்னொரு முறை விட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

ஒரு நாள் கிடங்கில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. வரும்போது பெரிய வெங்காயம் வாங்கி வரச் சொல்லி, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள், இங்கே எல்லோரும் அடிப்பதைப் போல. அமுதவள்ளி அதைப் பார்த்தாள். மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நான்கு வருடம் யூனிவர்சிட்டியில் இருந்தபோது அம்மா அனுப்பியதெல்லாம் அதிலே இருந்தது. சாப்பாடு, சாமி, சண்டை, சமாதானம், எல்லாம் தமிழ்தான், எல்லாம் அம்மாவின் கைதான். தமிழில் அம்மாவுக்கு எழுத வராது, படிக்க வராது என்று யார் சொன்னது? தன் மண்டையில் ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றைக்குச் சாயந்தரம் அறையில் உட்கார்ந்து நோட்டில் ஒரு பக்கம் எழுதினாள். ஆங்கில எழுத்தில், அம்மாவிடம் வாயால் பேசுகிற தமிழ். போட்டியில் கோப்பை வாங்கிய கை கூசியது. இந்த எழுத்தில் எழுதினால் எந்த டீச்சரும் கோப்பை கொடுக்க மாட்டார். அலங்காரம் ஒன்றும் ஒட்டவில்லை. கிடங்கில் கால் கடுக்க நின்றது, சாமானைத் தப்பாகப் பதிந்து மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது, லோரியில் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தது, இதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாதது. கடைசியில், நீங்கள் கேட்டதற்கு அன்று பதில் சொல்லவில்லை, அப்பா இருந்தால் வாசித்திருக்க மாட்டேன், அது உண்மை, என்று எழுதினாள். காலையில் அம்மா டீ குடிக்கிற இடத்தில் நோட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடப் போனாள்.

புஷ்பவல்லி வந்து உட்கார்ந்தாள். திறந்திருந்த பக்கத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். மறுபடி பார்த்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வாய்க்குள் முணுமுணுத்து, விரலை ஓட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். யாரும் வாசித்துக் காட்டாமல் மகளின் நோட்டை அவள் படித்தது அதுதான் முதல் தடவை. டீ ஆறிப் போனது.

"அமுதா."

இஸ்திரியை நிறுத்திவிட்டு வந்தாள்.

"இது நேத்து உள்ளது. மத்ததெல்லாம்?"

"எதும்மா?"

"அந்த ஆறு வாரம். நீ எனக்கு வாசிச்சியே, அந்த ஒவ்வொரு நாளும் நெசமா என்ன நடந்துச்சுன்னு இதே மாதிரி எழுது. ஒரு நாள் விடக் கூடாது. நான் படிக்கணும்."

"அதுல என்னம்மா இருக்கு? சும்மா ஒரு கடையில ஒக்காந்திருந்தேன். எழுதுனேன், அழுதேன். படிச்சா ஒங்களுக்குத்தான் கஷ்டம்."

புஷ்பவல்லி கண்ணாடியைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"எந்தக் கடைன்னுகூட எனக்குத் தெரியாதே அமுதா. ஆறு வாரம் நீ எங்க ஒக்காந்து அழுதேன்னு ஒங்கம்மாவுக்குத் தெரியாது."

அமுதவள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புதுப் பக்கத்தைத் திருப்பி, வேலை போன அந்தச் செப்டம்பர் மாதத்துப் புதன்கிழமையின் தேதியைப் போட்டு, கடையின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினாள். கிளினிக்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. புஷ்பவல்லி எழுந்திருக்கவில்லை, மகள் எழுத எழுத ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.